வைக்கோலில் இருந்து லாக்டிக் அமிலம்: முதல் நூறு கிராமுக்கான முழு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முதுகலை மாணவர்களின் செய்முறைத் திட்டங்களைக் கவனித்து வருகிறேன். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் யாராவது ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கிக்கொண்டு வந்து, "மேடம், இதுல லாக்டிக் ஆசிட் எடுக்கலாமா?" என்று நிற்பார்கள். எடுக்கலாம். ஆனால் வருகிற எல்லோருக்கும் அவசரம் பாக்டீரியா மேல்தான். அவர்கள் தடுக்கி விழுவதோ அதற்கு வெகு முன்னால், சர்க்கரையில்.

வேலை இரண்டு பாதி. வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸை உடைத்துக் குளுக்கோஸ் ஆக்குவது முதல் பாதி. அந்தக் குளுக்கோஸை பாக்டீரியாவுக்குக் கொடுத்து லாக்டிக் அமிலம் ஆக்குவது இரண்டாம் பாதி. முதல் பாதியில் வராத சர்க்கரையை இரண்டாம் பாதியில் எந்த பாக்டீரியாவாலும் கொண்டுவர முடியாது.

அதனால் நான் மாணவர்களிடம் முதலில் வாங்கச் சொல்வது ஒரு நீள நோட்டு. பேரேடு எழுதுவதை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு சர்க்கரை வரவு, எவ்வளவு பற்று, மீதி எங்கே போனது என்று எழுதிக்கொண்டே வரவேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் 100 கிராம் உலர்ந்த வைக்கோலை வைத்தே கணக்குச் சொல்கிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் வைக்கோலின் எண்களை நீங்களே அளந்து போடவேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாக்டீரியாவுக்கு முதல் நாளே எழுதிப் போடுங்கள். சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புனேயில் உள்ள என்சிஐஎம் என்ற இரண்டு அரசு சேகரிப்பு நிலையங்களில் விலைக்குக் கிடைக்கும். கடிதம், பணம், தபால் எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் ஆகும். வைக்கோலை வேகவைத்துவிட்டு பாக்டீரியாவுக்குக் காத்திருந்தால் வெந்த வைக்கோல் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸ் என்சைம். இதில் ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு. துணி ஆலைகளுக்கு பயோ பாலிஷ் செய்ய விற்கும் செல்லுலேஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வருவார்கள். அது நூலின் மேல் நிற்கும் பிசிறை வெட்டுவதற்கென்று ஆனது. செல்லுலோஸ் சங்கிலியை நடுவில் வெட்டும். கடைசி வரை உடைத்துக் குளுக்கோஸாகக் கொடுக்கிற வேலையில் பின்தங்கிவிடும். டப்பாவில் எஃப்பியு என்ற அலகில் எவ்வளவு என்று கேளுங்கள். வடிதாளை உடைத்து அளக்கும் அலகு அது. கரையும் செல்லுலோஸை வைத்து அளக்கும் சிஎம்சி அலகு மட்டும் போட்டிருந்தால் அந்த எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மயங்க வேண்டாம். பீட்டா குளுக்கோசிடேஸும் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு குளுக்கோஸ் ஒட்டியிருக்கும் செல்லோபயோஸை உடைப்பது அதுதான். அது குறைந்தால் வேலை செல்லோபயோஸில் நின்றுவிடும். தேங்கிய செல்லோபயோஸ் செல்லுலேஸையும் அடக்கிவிடும்.

மற்றபடி ஆட்டோகிளேவ், பிஎச் மீட்டர், 105 டிகிரி போகும் உலர்த்தி, ஷேக்கர் இன்குபேட்டர், நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் அல்லது ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், காஸ்டிக் சோடா, கந்தக அமிலம், கால்சியம் கார்பனேட், லாக்டிக் பாக்டீரியாக்களை வளர்க்கும் எம்ஆர்எஸ் ஊடகம். இரண்டு பழைய நூல் வேட்டிகள். வடிகட்ட அதைவிட நல்ல துணி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

2. எந்தக் கழிவு

நம் பக்கம் சும்மா கிடைப்பவை மூன்று: கடலைத் தோல், உமி, வைக்கோல். புதுவயல் ஆலைகளில் உமி மலையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் உமியில் சிலிகா அதிகம், கடலைத் தோலில் செல்லுலோஸை மூடி நிற்கும் லிக்னின் அதிகம். இரண்டும் என்சைமை உள்ளே விடாது. இரண்டுமே எரிக்கிற அடுப்பில் நல்ல விறகு. தொடக்கக்காரருக்கு நல்ல கச்சாப்பொருள் இல்லை.

வைக்கோலை எடுங்கள். கரும்புச் சக்கை கிடைத்தால் அதுவும் நல்லது. உலர்ந்த வைக்கோலில் செல்லுலோஸ் சுமார் 32 முதல் 40 சதவீதம், அதோடு பின்னிக் கிடக்கும் ஹெமிசெல்லுலோஸ் 20 முதல் 28 சதவீதம் இருக்கும். மிச்சத்தில் லிக்னினும் சாம்பலும்தான் பெரும்பகுதி.

ஒரு தடவை தேவகோட்டைப் பக்கம் வயலுக்கே போய்க் கேட்டோம். அந்தப் பெரியவர் சிரித்தார். "வைக்கோல்ல இருந்து மருந்து எடுக்கப் போறீகளா? நல்லது மாட்டுக்கு வேணுமே. அந்தா மழையில நனைஞ்சு கெடக்குல்ல, அதை எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கங்க." மனசாரக் கொடுத்தார், நாங்களும் அள்ளி வந்தோம். கறுத்துப்போன வைக்கோலில் பூஞ்சை நமக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. பூஞ்சை வித்துகளும் கூடவே வந்து அடுத்தடுத்த படிகளைக் கெடுத்தன. மாட்டுத் தீவனத்துக்குப் போட்டி போடக் கூடாது என்பதும் நியாயம்தான். அதற்கு வழி, அறுவடை இயந்திரம் வயலில் சிதறிவிட்டுப் போன வைக்கோலை மழைக்கு முன் பொறுக்குவது. 100 கிராமுக்கு ஒரு கை அள்ளல் போதும்.

3. உலர்த்தி, நறுக்கி, ஈரம் பார்த்தல்

மண்ணும் கல்லும் போக உதறி, தண்ணீரில் ஒருமுறை அலசி, வெயிலில் காய வைக்கவும். பிறகு மிக்ஸியில் அரைத்து 1 முதல் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கவும். மாவாக அரைக்க வேண்டாம். மாவு துணியை அடைத்துக்கொள்ளும். கழுவும்போது பாதி தண்ணீரோடு போய்விடும்.

இப்போது பேரேட்டின் முதல் வரி. 2 கிராம் எடுத்து 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி ஈரப்பதத்தைக் கணக்கிடுங்கள். வெயிலில் காய்ந்த வைக்கோலிலும் நூற்றுக்குப் பத்து வரை தண்ணீர் இருக்கும். இதை விட்டவர்கள் 90 கிராமை 100 கிராம் என்று எழுதிவிட்டு, கடைசிவரை விளைச்சல் குறைகிறதே என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

வரவு: உலர் வைக்கோல் 100 கிராம், அதில் செல்லுலோஸ் 36, ஹெமிசெல்லுலோஸ் 22 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

4. காஸ்டிக் சோடாவில் வேகவைத்தல்

செல்லுலோஸை லிக்னின் சிமென்ட் மாதிரி பூசி மறைத்திருக்கிறது. அந்தப் பூச்சை எடுக்காமல் என்சைம் ஊற்றினால் என்சைமின் காசுதான் போகும். காரம் லிக்னினைக் கரைக்கும், கூடவே சிலிகாவையும் கரைக்கும். வைக்கோலுக்கு இது பெரிய வசதி.

100 கிராம் வைக்கோலுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் காஸ்டிக் சோடா, அதாவது 2 சதவீதக் கரைசல். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதிக்கிற சூடு வரும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வைக்கோல் முழுக்க நனைய அரை மணி நேரம் ஊறவிட்டு, ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் வைக்கவும்.

ஆட்டோகிளேவ் இல்லையென்று வீட்டுக் குக்கரைக் கொண்டுவருபவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டுக் குக்கர் பெரும்பாலும் அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை விடும். மூடிய பாத்திரத்தில், அடுப்பின் மேல், எரியும் வாயு. அலுமினியக் குண்டானும் அப்படியே. சோடாக் கரைசல் கண்ணாடி பாட்டிலிலோ எவர்சில்வரிலோ மட்டும்தான் இருக்க வேண்டும்.

சோடாவுக்குப் பதில் கந்தக அமிலம் போடலாமே என்று கேட்பார்கள். போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அமிலத்தில் வேகும்போது ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரைகள் சிதைந்து ஃபர்ஃபுரல் போன்ற பொருள்கள் உண்டாகி பாக்டீரியாவின் கழுத்தைப் பிடிக்கும். முதல் முறைக்குக் காரமே பாதுகாப்பான வழி. செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் மெதுவாக. பல மணி நேரம் முதல் நாள்கணக்கு வரை பிடிக்கும்.

5. கழுவுதல்: எல்லோரும் அவசரப்படும் இடம்

பாட்டிலைத் திறந்தால் கறுப்புக் காபி நிறத்தில் நீர் நிற்கும். வேட்டித் துணியை இரட்டையாக மடித்து வடிகட்டுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி, கலக்கி, பிழிந்து, மறுபடி ஊற்றி, வடியும் நீர் பிஎச் 7 வரும்வரை கழுவ வேண்டும். எட்டு, பத்து தடவை ஆகும். நீர் நிறமில்லாமல் தெளிந்ததும் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். நாரின் உள்ளே காரம் இன்னும் இருக்கும். பிழிந்த நாரைச் சுத்தமான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு அந்த நீரின் பிஎச் பாருங்கள், அதுதான் உண்மை. கடைசி இரண்டு கழுவலுக்குக் காய்ச்சி வடித்த நீர் எடுங்கள். நம் போர் தண்ணீரின் உப்பும் காரத்தன்மையும் பிஎச்சை ஏமாற்றும்.

கழுவிய நாரை உலர்த்தக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் அழகாக உலர்த்தி டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார். லிக்னின் போன இடத்தில் நுண்ணிய துளைகள் திறந்திருக்கும். உலர்ந்தால் அவை ஒட்டிச் சுருங்கிவிடும். பிறகு நனைத்தாலும் பழையபடி திறக்காது. ஈரமாகவே மூடி, குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் பயன்படுத்துங்கள். மொத்த ஈர எடையைக் குறித்துக்கொண்டு, 2 கிராமை மட்டும் தனியே உலர்த்தி உலர் எடையைக் கணக்கிடலாம்.

கறுப்பு நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் ஊர்களில் மழைநீர் வழி எல்லாம் ஏதோ ஒரு ஊருணியிலோ கண்மாயிலோதான் போய்ச் சேருகிறது. அமிலம் சேர்த்து பிஎச் 2, 3க்கு இறக்கினால் லிக்னின் பழுப்புச் சேறாகப் படியும். அதை வடித்துவிட்டு, மீதி நீரை நடுநிலையாக்கி ஆய்வகக் கழிவில் சேர்க்கவும்.

பேரேட்டில்: 54 கிராம் உலர் எடை மிஞ்சியது, அதில் செல்லுலோஸ் 33, ஹெமிசெல்லுலோஸ் 13 என்று வைப்போம். பாதி எடை காணோமே என்று பதற வேண்டாம். போனதில் பெரும்பகுதி லிக்னினும் சிலிகாவும். போன ஹெமிசெல்லுலோஸ் 9 கிராமையும் செல்லுலோஸ் 3 கிராமையும் பற்று எழுதுங்கள்.

6. என்சைம் கொடுத்தல்

ஈர நாரோடு, அதில் ஏற்கெனவே உள்ள நீரையும் கணக்கில் சேர்த்து, மொத்தம் 540 மி.லி. வரும்படி தண்ணீர் ஊற்றுங்கள். 10 சதவீதத் திடப்பொருள். பிஎச் 4.8 முதல் 5.0க்குள் நிறுத்தி, ஆட்டோகிளேவ் செய்து, ஆறிய பின் என்சைம் சேர்க்கவும். ஒரு கிராம் நாருக்கு 15 எஃப்பியு என்றால் 54 கிராமுக்கு 810 எஃப்பியு. 50 டிகிரியில், மெதுவான குலுக்கலில் 48 முதல் 72 மணி நேரம்.

பாடப்புத்தகச் செய்முறையில் இந்தப் படியில் சோடியம் அசைடு சேர்க்கச் சொல்லியிருக்கும். கிருமி வளராமல் இருக்க. அந்தச் செய்முறை சர்க்கரையை அளந்து முடிப்பதற்கானது. நாம் இதே கரைசலில் பாக்டீரியாவை வளர்க்கப் போகிறோம். அசைடு நம் பாக்டீரியாவையும் வளரவிடாமல் தடுக்கலாம். ஒரு மாணவி மூன்று வாரம் பாக்டீரியாவை மாற்றி மாற்றிப் பார்த்தாள், வளரவே இல்லை. கடைசியில் நோட்டைப் புரட்டியபோது "அசைடு 0.02 சதவீதம்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் அதே கதைதான்.

அசைடுக்குப் பதில் சுத்தம்தான் காவல். நாரை ஆட்டோகிளேவ் செய்வதும் என்சைமை 0.2 மைக்ரான் வடிகட்டியில் விடுவதும் அதற்காகத்தான். காலை, மாலை பிஎச் பாருங்கள். 5.0ல் வைத்தது தானாக 4.5க்கு இறங்கினால் உள்ளே வேறு யாரோ சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

பிஎச் மாறாமல் பிடித்து வைக்கும் சிட்ரேட் தாங்கல் கரைசலை இந்த ஓட்டத்தில் நான் தவிர்க்கிறேன். பின்னால் சேர்க்கப்போகும் கால்சியத்தை சிட்ரேட் பிடித்துக்கொள்ளும், அளவீட்டிலும் தலையிடும். நீர்த்த அமிலமோ சோடாவோ சொட்டு விட்டு பிஎச்சைப் பிடித்து வைத்தாலே போதும்.

என்சைம் மட்டும், நார் இல்லாமல், இன்னொரு குடுவையும் வையுங்கள். பல என்சைம் கரைசல்களில் கெடாமல் இருக்கச் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். அதை வைக்கோலின் வரவில் எழுதினால் கணக்கு பொய்யாகும்.

7. சர்க்கரையை அளந்தபின்தான் மேலே போகலாம்

டிஎன்எஸ் முறையில் 540 நானோமீட்டரில் அளக்கலாம், ஆனால் அது குளுக்கோஸ், ஹெமிசெல்லுலோஸில் இருந்து வரும் சைலோஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். நமக்கு வேண்டியது குளுக்கோஸ். ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தும் ஜிஓடி பிஓடி கிட் இதற்கு மிகவும் ஏற்றது, விலையும் கட்டுப்படியாகும். மாதிரியை 50 மடங்கு நீர்க்க வைத்துப் பாருங்கள். நேரே போட்டால் கிட்டின் எல்லையை மீறி எல்லா மாதிரியும் ஒரே எண்ணைக் காட்டும்.

33 கிராம் செல்லுலோஸ் முழுவதும் உடைந்தால் 33ஐ 1.11ஆல் பெருக்க, 36.6 கிராம் குளுக்கோஸ் வரவேண்டும். உடையும்போது தண்ணீர் சேர்வதால் எடை கூடுகிறது. அதில் முக்கால் பங்கு வந்தால் 27.5 கிராம், லிட்டருக்கு சுமார் 51 கிராம். அந்த அளவுக்கு வந்தால் மேலே போங்கள். 10, 15 என்று நின்றால் பாக்டீரியாவைத் தொடாமல் 4, 5ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். என்சைமை இரட்டிப்பாக்குவது எளிதாகத் தோன்றும். கோளாறு பெரும்பாலும் கழுவுதலிலோ உலர்த்தியதிலோ இருக்கும்.

8. உறை தயாரித்தல்

பால் தோய உறை மோர் எப்படியோ அப்படித்தான் இங்கே விதைப் பாக்டீரியா. அதற்காக வீட்டுத் தயிரையே ஊற்றிவிடாதீர்கள். தயிரில் பல இனம் கலந்திருக்கும், பாலுக்குப் பழகியவை. லாக்டிக் அமிலத்தில் இடக்கை, வலக்கை மாதிரி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எல், டி என்று இரண்டு வகை உண்டு; தயிரால் கிடைக்கும் அமிலத்தில் இரண்டும் கலந்து வரும். பிளாஸ்டிக் செய்யும் பாலிலாக்டிக் அமிலத்துக்கு ஒரே வகை வேண்டும்.

லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் 37 டிகிரியில் நன்றாக வளரும், எல் வகை தரும். டெல்புரூக்கி 42 முதல் 45 டிகிரி கேட்கும், பெரும்பாலும் டி வகை. பேசிலஸ் கோயாகுலன்ஸ் 50 டிகிரி தாங்கும், எல் வகை, சைலோஸையும் சாப்பிடும். பெயர்கள் 2020க்குப் பிறகு மாறியிருக்கின்றன. ராம்னோசஸை லாக்டிகேசிபேசிலஸ் என்றும் பட்டியலில் தேடுங்கள். எந்த வகை அமிலம் என்பதையும் அந்தப் பட்டியலிலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கே ஊரின் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் அறையே 39 டிகிரி இருக்கும். குளிர்விக்கும் வசதி இல்லாத இன்குபேட்டரில் 37 என்று திருகி வைத்தால் அது 37 ஆகாது, அறையின் சூடுதான் உள்ளேயும் இருக்கும். ராம்னோசஸை மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் டெல்புரூக்கியோ கோயாகுலன்ஸோ எடுத்தால் வெயில் நமக்கு எதிரியாக இருக்காது.

எம்ஆர்எஸ் திரவத்தில் இரண்டு தடவை மாற்றி வளர்த்து, 12 முதல் 16 மணி நேர வயதில், இன்னும் துடிப்பாகப் பெருகிக்கொண்டிருக்கும்போது எடுங்கள். இரண்டு நாள் பழைய உறை தன் அமிலத்திலேயே சோர்ந்துபோயிருக்கும். ஊற்றும் முன் ஒரு சொட்டை ஹைட்ரஜன் பெராக்சைடில் விடுங்கள். லாக்டோபேசிலஸ் நுரைக்காது. நுரைத்தால் வேறு கிருமி கலந்திருக்கிறது. கோயாகுலன்ஸுக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது, அது தானே நுரைக்கும்.

9. சர்க்கரை மட்டும் போதாது

இந்த பாக்டீரியாக்களுக்கு அமினோ அமிலங்களும் பி வைட்டமின்களும் வெளியிலிருந்து வேண்டும். தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. கழுவிய நாரில் இவை எதுவும் இல்லை. வெறும் சர்க்கரைக் கரைசலில் விட்டால் ஒருநாள் வளர்ந்து நின்றுவிடும்.

லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் ஈஸ்ட் சாறு சேர்ப்பது வழக்கம். செலவில் பெரும்பங்கு அதுவே தின்றுவிடும். முதல் ஓட்டத்தில் ஈஸ்ட் சாற்றையே போடுங்கள்; பிறகு அரைவாசியைக் குறைத்துத் தவிட்டுச் சாற்றால் ஈடுகட்டிப் பாருங்கள். தவிட்டில் பி வைட்டமின் நிறைய. கடலைப் புண்ணாக்கில் புரதம் உண்டு, ஆனால் பூஞ்சை நஞ்சு இல்லாத புதிய புண்ணாக்காக இருக்க வேண்டும், புரதத்தை உடைத்தும் கொடுக்க வேண்டும்.

ஈஸ்ட் சாற்றையும் சர்க்கரைக் கரைசலையும் தனித்தனிப் பாட்டிலில் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். சேர்த்து வேகவைத்தால் சர்க்கரையும் அமினோ அமிலமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பாகும். நிறத்தோடு சர்க்கரையும் போய்விடும். சர்க்கரைக்கு 10 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் போதும்.

10. நொதிக்க வைத்தல்

என்சைம் கரைசலின் பிஎச் 5. பாக்டீரியாவுக்கு 6க்குச் சற்று மேல் வேண்டும். சரிசெய்துவிட்டு, அளவில் பத்தில் ஒரு பங்கு உறையை ஊற்றுங்கள்.

பாக்டீரியா அமிலம் சுரக்கச் சுரக்க பிஎச் இறங்கும். 4க்கு அருகில் வந்தால் வேலை நின்றுவிடும். சர்க்கரை பாதிக்குமேல் அப்படியே கிடக்கும். அதனால் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறோம். கணக்கு எளிது: 180 கிராம் லாக்டிக் அமிலத்தை நடுநிலையாக்க 100 கிராம் கார்பனேட். 27.5 கிராம் குளுக்கோஸில் 90 சதவீதம் மாறினால் 24.8 கிராம் அமிலம், அதற்கு 13.8 கிராம். கொஞ்சம் கூடுதலாக 16 கிராம் போடுங்கள். இதைத் தனியே ஆட்டோகிளேவ் செய்து சேர்க்கவும்.

மூடியை இறுக்காதீர்கள். கார்பனேட் கரையும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். நம் 13.8 கிராம் முழுவதும் கரைந்தால் மூன்றரை லிட்டர் வாயு. நான் இந்த வேலையைத் தொடங்கிய முதல் வருடம், காற்று புகக் கூடாது என்று நினைத்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை திருகு மூடியை இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை இன்குபேட்டரைத் திறந்தால் பாட்டிலின் அடிப்பாகம் தனியே நின்றது, சுவரெல்லாம் வெள்ளைச் சேறு. கையில் இருக்கும்போது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு. பஞ்சு அடைப்பு போதும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கட்டும்; நுரை எழும்பும்.

நிமிடத்துக்கு 100 முதல் 150 சுற்றில் மெதுவாகக் குலுக்கினால் போதும். காற்று கொடுக்க அல்ல, கார்பனேட் அடியில் பாறையாகப் படியாமல் இருக்க. 36 முதல் 72 மணி நேரத்தில் முடியும்.

11. மாதிரி எடுப்பதும் அளப்பதும்

ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பேச்சு நடக்கும்.

"மேடம், டைட்ரேஷன்ல ஆசிட்டே காட்டல. பாக்டீரியா செத்துப்போச்சு போல."

"கார்பனேட் போட்டிருக்கியாம்மா?"

"போட்டிருக்கேன் மேடம்."

"அப்ப ஆசிட் எல்லாம் கால்சியம் லாக்டேட்டா மாறி உட்கார்ந்திருக்கு. சோடாவுக்கு எப்படி அகப்படும்?"

0.1 நார்மல் சோடா 1 மி.லி.க்கு 9 மில்லிகிராம் லாக்டிக் அமிலம் என்ற கணக்கு, கார்பனேட் போடாத குடுவைக்குத்தான் பொருந்தும். கார்பனேட் போட்டதற்கு, கரைசலில் உள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி நல்லது. அது இல்லாத இடத்தில் ஃபெரிக் குளோரைடு முறை: 0.2 சதவீதக் கரைசல் 2 மி.லி.யில் மாதிரி 50 மைக்ரோலிட்டர் விட்டு, மஞ்சள் நிறத்தை 390 நானோமீட்டரில் பார்க்கலாம். ஊடகத்தை மட்டும் வைத்து ஒரு வெற்று மாதிரியும் பார்க்க வேண்டும். சிட்ரேட் இருந்தால் அதுவும் நிறம் கொடுக்கும். முன்பு வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் அளப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குழாயின் அடியில் வெள்ளையாகக் காலிஃபிளவர் பூ மாதிரி ஒன்று படிந்திருக்கும். கிருமி என்று நினைத்து சென்ட்ரிஃபியூஜ் செய்து எறிந்துவிடுவார்கள். அது குளிரில் படிகமான கால்சியம் லாக்டேட், நாம் தேடிய பொருளேதான். மாதிரி எடுத்த உடனே சில சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கார்பனேட்டையும் லாக்டேட்டையும் கரைத்து, சேர்த்த அளவை நீர்ப்புக் கணக்கில் எழுதிவிட்டுப் பிறகு குளிரில் வையுங்கள்.

அமிலத்தை மட்டும் அளக்காமல் மிஞ்சிய குளுக்கோஸையும் ஒவ்வொரு முறையும் அளக்கவும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு வரி. குளுக்கோஸ் குறைந்து அமிலம் ஏறவில்லை என்றால் வேறு கிருமி. இரண்டும் அசையவில்லை என்றால் சத்துக் குறைவு அல்லது பிஎச்.

12. பிரித்தெடுத்தல்

குளுக்கோஸ் தீர்ந்ததும் குடுவையை 80 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பாக்டீரியா சாகும், லாக்டேட் முழுவதும் கரையும். சூடாகவே வடிகட்டுங்கள். ஆறவிட்டால் லாக்டேட்டில் ஒரு பகுதி வடிதாளில் நின்றுவிடலாம். வடிநீரைப் பாதியாகச் சுண்டவைத்து 4 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் படிகம் இறங்கும். குளிர்ந்த நீரைக் கொஞ்சமே ஊற்றிக் கழுவி எடுக்கவும்.

படிகத்தை வெந்நீரில் கரைத்து, நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. 180 கிராம் லாக்டிக் அமிலத்துக்கு 98 கிராம் கந்தக அமிலம். கால்சியம் ஜிப்சமாகப் படிந்து லாக்டிக் அமிலம் கரைசலில் நிற்கும்.

எங்கே நிறுத்துவது? தெளிந்த நீரை இரண்டு சோதனைக் குழாயில் எடுங்கள். ஒன்றில் பேரியம் குளோரைடு: வெள்ளையாகக் கலங்கினால் கந்தக அமிலம் கூடிவிட்டது. மற்றொன்றில் அமோனியா சில சொட்டு விட்டு நடுநிலையாக்கி, அமோனியம் ஆக்சலேட்: கலங்கினால் கால்சியம் இன்னும் இருக்கிறது. ஜிப்சம் தண்ணீரில் சிறிதளவு கரையும் என்பதால் இரண்டிலும் ஓரளவு கலங்கல் எப்போதும் இருக்கும். எது கூடுதலாகக் கலங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கந்தக அமிலம் கூடினால் சுண்டும்போது எல்லாம் கரிந்துவிடும், அதனால் நான் கால்சியம் பக்கம் கொஞ்சம் மிச்சம் வைத்தே நிறுத்துவேன்.

கரித்தூள் போட்டு நிறத்தை எடுத்து, வெற்றிடத்தில் 60 டிகிரிக்கு மேல் போகாமல் சுண்டவையுங்கள். அதிகமாகச் சுண்டினால் லாக்டிக் அமில மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே கைகோத்துக்கொள்ளும். டைட்ரேஷனில் அமிலம் குறைந்ததுபோல் காட்டும்.

13. ஐந்தொகை

வரவு, உலர் வைக்கோல் 100 கிராம். கழுவிய பின் நார் 54. குளுக்கோஸ் 27.5. நொதித்த லாக்டிக் அமிலம் 24.8. படிகமாக்கலிலும் வடிகட்டலிலும் போனது போக, மூன்றில் இரண்டு பங்கு மீண்டால் கையில் சுமார் 16 கிராம். ஜிப்சம், 24.8 கிராமும் படிகமாகியிருந்தால் 23.7 வரும், 16 கிராமுக்குச் சுமார் 15 கிராம். ஒரு கிலோ அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஜிப்சம் என்பதைப் பெரிய அளவில் செய்ய நினைப்பவர்கள் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பெரிய தொட்டி வாங்கக் கூடாது.

எழுதாமல் விடுபடும் ஒரு வரி சைலோஸ். 13 கிராம் ஹெமிசெல்லுலோஸில் இருந்து என்சைம் 8, 9 கிராம் சைலோஸை விடுவித்திருக்கும். ராம்னோசஸும் டெல்புரூக்கியும் அதைத் தொடுவது அரிது. டிஎன்எஸ் அளவீட்டில் "சர்க்கரை மிச்சம் இருக்கிறது, இன்னும் நொதிக்கவில்லை" என்று தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். நொதித்தலை ஐந்து நாள், ஆறு நாள் என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஜிஓடி பிஓடியில் குளுக்கோஸ் தீர்ந்திருந்தால் அந்தக் குடுவை முடிந்தது.

இரண்டாவது ஓட்டத்தை அதே வைக்கோல் மூட்டையில் இருந்து, அதே எண்களோடு, எதையும் மாற்றாமல் செய்யுங்கள். இரண்டு ஐந்தொகையும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால், மூன்றாவதில் கோயாகுலன்ஸைப் போட்டு அந்த சைலோஸை எடுத்துப் பார்க்கலாம்.